வன்னிக் குளங்களின் அடிச்சேறும் மகரந்தமணிகளும்: இன்றைய காடு எவ்வளவு பழையது?

அலைகரை எழுதியது:

இலங்கையின் வடக்கே வன்னியில், ஒட்டுசுட்டானுக்கும் நெடுங்கேணிக்கும் இடைப்பட்ட காட்டில் உடைந்து கிடக்கும் சிறு குளங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதாக இராது. கட்டின்மேல் பாலையும் வீரையும் பெருமரங்களாக நிற்கின்றன. கட்டுக்குக் கீழே, ஒருகாலத்தில் வயலாக இருந்திருக்க வேண்டிய தாழ்நிலத்திலும் அதே காடுதான் நிற்கிறது. அப்படியானால், நாம் ஆதிக்காடு என்று சொல்லிப் பழகிய வன்னிக் காட்டில் எவ்வளவு பகுதி கைவிடப்பட்ட வயலின்மேல் மீண்டும் வளர்ந்தது?

குளங்கள் திருத்தப்படும்போது அடியிலிருந்து கருஞ்சேறு வெட்டி எடுக்கப்பட்டுச் செங்கல் சூளைகளுக்கும் வயல்களுக்கும் உழவு இயந்திரப் பெட்டிகளில் போகிறது. வெட்டிய பள்ளங்களின் ஓரத்தில் பானை ஓடுகள் தெரிவதும் உண்டு. தொல்லியல் இடங்களின் மண்ணில் அகப்படும் மகரந்தத்தைக் கொண்டு அக்காலத்துத் தாவரங்களை அறிகிறார்கள் என்று வாசித்திருக்கிறேன். நமது குளங்களின் சேற்றில் அதைச் செய்ய முடியுமா? முடிந்தால், காட்டைப் பற்றிய கேள்விக்கு அது விடை சொல்லுமா?

நுணுக்குக்காட்டி எழுதியது:

செய்ய முடியும். ஆனால் எல்லாச் சேற்றிலும் முடியாது; இந்த வேறுபாட்டை முதலில் தெளிவுபடுத்திக் கொள்ள வேண்டும்.

மகரந்தமணி பெரும்பாலும் 10 முதல் 100 மைக்கிரோமீற்றர் வரையான அளவுடையது. அதன் வெளியுறை ஸ்போரோபொலனின் என்ற பொருளால் ஆனது. உயிருள்ள பொருள்கள் உருவாக்கும் சேர்வைகளில் இவ்வளவு உறுதியானவை மிகச் சிலவே. ஆய்வுகூடத்தில் மண்ணிலிருந்து மகரந்தத்தைப் பிரிக்கும் முறையே இந்த உறுதியை நம்பித்தான் அமைந்திருக்கிறது: சுண்ணாம்பை ஐதரோக்குளோரிக் அமிலத்தாலும், மணலையும் களியையும் ஐதரோபுளோரிக் அமிலத்தாலும் கரைத்து, எஞ்சிய தாவர நார்களை அசற்றிக் நீரிலியும் சல்பூரிக் அமிலமும் கலந்த கலவையில் சூடாக்கி அழித்த பின்னரும் மகரந்தத்தின் உறை அப்படியே இருக்கும். (பாடசாலை ஆய்வுகூடத்தில் முயன்று பார்க்கலாமா என்று எவரும் கேட்க வேண்டாம். ஐதரோபுளோரிக் அமிலம் தோலினூடாக உட்சென்று எலும்பைத் தாக்கும்.) மாதிரியில் தொடக்கத்திலேயே எண்ணிக்கை தெரிந்த லைக்கோப்போடியம் என்ற செடியின் வித்திகளை வில்லையாகச் சேர்த்துவிட்டால், இறுதியில் அவற்றோடு ஒப்பிட்டு ஒரு கன சென்ரிமீற்றர் மண்ணில் எத்தனை மகரந்தமணிகள் இருந்தன என்று கணக்கிடலாம். ஒவ்வோர் ஆழத்திலும் சில நூறு மணிகளையாவது நுணுக்குக்காட்டியில் பார்த்து இனங்கண்டு எண்ணி, நூற்றுவீதமாக வரைபடத்தில் இடுவார்கள். சுவீடன் நாட்டு அறிஞர் லெனார்ட் வொன் போஸ்ற் 1916 இல் இத்தகைய வரைபடத்தை முன்வைத்ததிலிருந்து அடிப்படை முறை பெரிதாக மாறவில்லை.

அமிலத்துக்கு அசையாத அந்த உறை ஒட்சிசனுக்குத் தோற்றுவிடும். நனைந்து காய்ந்து, மறுபடி நனைந்து காயும் மண்ணில் பங்கசுக்களும் பற்றீரியாக்களும் அதைத் தின்று முடிக்கின்றன. கார மண்ணிலும் அது நிலைப்பதில்லை. எனவே, தொல்லியலாளர் ஆர்வத்தோடு தோண்டும் குடியிருப்பு மேடுகள் மகரந்தத்துக்குப் பெரும்பாலும் மோசமான இடங்கள். நீர் வற்றாத சேறே நல்ல இடம். நம் பகுதியிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இலங்கையின் தொல்பழங்கால ஆய்வில் அடிக்கடி பேசப்படும் செம்மணற் படிவுக்கு இரணைமடுப் படிவு என்றே பெயர். கற்கருவிகளைத் தேடுபவருக்கு அது முக்கியமான மண். நன்றாக வடிந்து, காற்றோட்டம் மிகுந்து, இரும்பு துருவேறிச் சிவந்த அந்த மண்ணில் பழைய மகரந்தத்தைத் தேடுவது வீண்வேலை.

மண்வெட்டி எழுதியது:

நீர்ப்பாசன வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

வன்னியின் சிறு குளங்களில் பெரும்பாலானவை ஆவணி, புரட்டாசியில் அடி தெரிய வற்றும். அடி வெடித்து, மாடும் எருமையும் மிதித்து, அடுத்த மாரியில் அந்த வெடிப்புகளுக்குள் புதுமண் இறங்கும். இந்த மேல்மண்ணை அடுக்கடுக்கான வரலாறாக வாசிக்க முயல்பவர் ஏமாறுவார். துருசுக்கு முன்னால் உள்ள ஆழமான பகுதியிலும், கட்டுக்கு மண் எடுத்த பழைய கிடங்குகளிலும், ஆற்றை மறித்துக் கட்டிய குளங்களில் பழைய ஆற்று மடுக்கள் இருந்த இடங்களிலும் மட்டுமே கோடையிலும் ஈரம் மாறாத களி இருக்கும். சேறு கறுப்பாக, சற்றே நாற்றத்துடன் வந்தால் ஒட்சிசன் புகவில்லை என்று கொள்ளலாம். மஞ்சளும் செம்மையுமான புள்ளிகளோடு வந்தால் காற்றுப் பட்டிருக்கிறது என்று பொருள்.

இன்னொரு சிக்கல் அலைகரைத் தம்பியின் கேள்வியோடு நேரடியாகத் தொடர்புடையது. குளம் உடைந்ததும் நீர் நிற்பதில்லை. நீர் நின்ற காலத்துச் சேறும் அன்றிலிருந்து காயத் தொடங்குகிறது. ஆகவே, கைவிடப்பட்ட பின்னர் வயலில் காடு எப்படி ஏறியது என்பதைப் பதிந்திருக்க வேண்டிய காலத்துக்கு உடைந்த குளத்தில் படிவே இராது. அதற்கு முந்திய படிவும் மேலிருந்து கீழாகக் கெட்டுக்கொண்டே போகும். நாம் கேட்கும் கேள்விக்கு உடைந்த குளத்தைவிட, உடையாமல் இருந்த அயற்குளமே நல்ல சாட்சி.

ஏடு எழுதியது:

ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கையேடும், நீர்ப்பாசனப் பொறியியலாளராக இருந்த ஹென்றி பாக்கர் 1909 இல் வெளியிட்ட பண்டைய இலங்கை பற்றிய நூலும் வன்னியின் பழங்குளங்களைப் பற்றிப் பேசுகின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் உலர்வலயக் குளநாகரிகம் தளர்ந்து, மக்கள் தென்மேற்கு நோக்கிப் பெயர்ந்து, நிலம் காடானது என்பது பாடநூல்களில் நாம் படித்த கதை. போர், மலேரியா, மழைக்குறைவு, நிருவாகச் சீர்குலைவு என்று ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொல்கிறார்கள். மகரந்தம் இவற்றுள் எது சரி என்று தீர்த்துவைக்குமா? கைவிடப்படும் முன்னர் அங்கே வாழ்ந்தவர்கள் யார் என்பதற்கும் அதில் தடயம் கிடைக்குமா? எடுத்துக்காட்டாக, பனை மகரந்தம் ஒரு காலத்தில் திடீரெனப் பெருகினால் அது வடக்கிலிருந்து வந்த மக்களைக் குறிக்கும் அல்லவா?

நுணுக்குக்காட்டி எழுதியது:

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை கூறுகிறேன்: இல்லை. பனை மகரந்தம் பனையைக் குறிக்கும். அதை நட்டவர் பேசிய மொழியைக் குறிக்காது. பனையின் எண்ணிக்கையைக்கூட அது நேராகச் சொல்லாது. பனையில் ஆண் மரமும் பெண் மரமும் வேறு; மகரந்தம் ஆண்பனையின் பாளையிலிருந்து வருவது. கள்ளுக்காகச் சீவிய பாளை பூத்து மகரந்தம் சிந்துவதில்லை. எனவே மக்கள் பனையை மிகுதியாகப் பயன்படுத்திய காலத்தில் பனை மகரந்தம் குறைந்து காணப்படவும் கூடும். ஒரே வளைகோட்டை இரண்டு பேர் எதிரெதிராக வாசிக்க முடியும் என்றால், அந்த வளைகோட்டின்மேல் ஓர் இனத்தின் வருகையைக் கட்டக்கூடாது.

காலநிலை பற்றிய கேள்வி பொருத்தமானது. அதிலும் இந்தியாவில் நடந்த ஒன்றை நினைவில் வைத்திருக்க வேண்டும். குர்தீப் சிங் 1971 இல் இராஜஸ்தானின் உப்பேரிகளது மகரந்த வரைபடங்களைக் கொண்டு, சிந்துவெளி நகரங்கள் செழித்த காலம் மழை மிகுந்த காலம் என்றும், பின்னர் வறட்சி வந்தது என்றும் வாதிட்டார். பல ஆண்டுகள் அது பாடநூற் செய்தியாக இருந்தது. 1999 இல் அதே இராஜஸ்தானின் லூண்கரண்சர் ஏரிப் படிவுகளைக் காபன் முறையால் நெருக்கமாகக் காலங்கணித்தபோது, அந்த ஏரி சிந்துவெளி நகரங்கள் உச்சம் பெறுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே வற்றிவிட்டிருந்தது தெரியவந்தது. மகரந்தத்தை எண்ணியதில் பிழை இருக்கவில்லை. காலக்கணிப்புத்தான் தளர்வாக இருந்தது. வன்னிக் குளச் சேற்றில் இந்த ஆபத்து இன்னும் பெரிது, ஏனெனில் மாரி வெள்ளம் மேட்டு நிலத்துப் பழைய கரியையும் மக்கிய பொருளையும் அடித்துக்கொண்டு வந்து புதுச் சேற்றோடு கலக்கிறது. விதை, இலைத்துண்டு போன்ற, அவ்வாண்டிலேயே விழுந்தவை என்று நம்பக்கூடிய பொருள்களைத் தேர்ந்து காலங்கணிக்க வேண்டும். மணற்படை இருந்தால், மணல் கடைசியாக வெயில் கண்ட காலத்தைக் கணிக்கும் ஒளித்தூண்டல் முறையையும் துணைக்கு அழைக்கலாம். அநுராதபுரத்தைச் சுற்றிய குளங்களைப் பற்றி 2013 இல் வெளிவந்த ஆய்வு, மண்ணை மெல்லிய சீவல்களாக்கி நுணுக்குக்காட்டியில் பார்த்ததோடு இந்த ஒளித்தூண்டல் முறையையும் பயன்படுத்தியது. அந்த வழி நமக்கும் பொருந்தும்.

பாலைப்பழம் எழுதியது:

தாவரவியல் கற்பிப்பவள் என்பதால் மரங்களைப் பற்றிச் சொல்கிறேன். மேற்கு நாட்டு மகரந்த ஆய்வு காற்றால் மகரந்தம் பரப்பும் மரங்களில் வளர்ந்த கலை; ஓக், பைன், பேர்ச் எல்லாம் மகரந்தத்தை வாரி இறைப்பவை. நமது காட்டின் முக்கிய மரங்களில் பல தேனீயையும் பிற பூச்சிகளையும் நம்பியிருப்பவை. பாலை, முதிரை, நாவல் ஆகியவற்றின் மகரந்தம் மரத்தடியைத் தாண்டிக் குளத்தின் நடுவுக்குப் போவதே அரிது. அதற்கு மாறாக, குளத்தோரத்துச் சம்பும் கோரையும் புல்லும் எண்ணிக்கையில் எல்லாவற்றையும் மூழ்கடிக்கும். நூற்றுவீதத்தில் பார்த்தால், நாற்புறமும் அடர்காடு சூழ்ந்த குளம்கூட ஒரு புல்வெளியின் நடுவே இருந்ததுபோலத் தோன்றக்கூடும். எனவே, பாலை மகரந்தம் சேற்றில் இல்லை, ஆகவே அன்று காடு இருக்கவில்லை என்று எவராவது எழுதினால் நான் ஏற்கமாட்டேன்.

ஏடு எழுதியது:

அப்படியானால், ரீச்சர், காடு இருந்தாலும் தெரியாது, இல்லாவிட்டாலும் தெரியாது என்றாகிறது. இவ்வளவு செலவில் இதை ஏன் செய்ய வேண்டும்?

பாலைப்பழம் எழுதியது:

தெரியும்; ஆனால் ஒரு மரத்தைக் கொண்டு அன்று, ஒரு கூட்டத்தைக் கொண்டு. நீர்த்தாவரங்களையும் கரையோரத் தாவரங்களையும் கணக்கிலிருந்து விலக்கி, நிலத்துத் தாவரங்களை மட்டும் தனியாக நூற்றுவீதமாக்குவது முதற்படி. அதன் பின்னர், பூச்சி பரப்பும் மரங்களின் மகரந்தம் சிறிதளவு தென்பட்டாலும் அதற்குப் பெரிய மதிப்புக் கொடுக்க வேண்டும். காடு வெட்டப்பட்டு மீண்டும் எழும்போது முதலில் வரும் முன்னோடி மரங்கள் வேறு. வெப்பமண்டல ஆய்வுகளில் திரேமா என்ற மரத்தின் மகரந்தம் பெருகுவதைக் குழம்பிய காட்டின் அறிகுறியாகக் கொள்கிறார்கள். அது பெருகி, பின்னர் படிப்படியாகக் குறைந்து, காட்டு மரங்களின் வகை கூடிக்கொண்டே வந்தால், அலைகரை கேட்ட மீள்காடு நம் கண்முன் வளர்கிறது என்று கொள்ளலாம்.

சேனைப் பயிர்ச்செய்கையை (காட்டை வெட்டி எரித்துப் பயிரிடுவதை) இதில் தேடுவது இன்னும் கடினம். குரக்கன் மகரந்தம் புல் மகரந்தங்களோடு புல்லாகக் கலந்துவிடும். உழுந்தும் பயறும் தம் பூவுக்குள்ளேயே கருக்கட்டிக்கொள்பவை. அவற்றின் மகரந்தம் வெளியே வருவதே குறைவு. ஆனால் சேனை என்றால் நெருப்பு. நுணுக்குக்காட்டியில் பார்க்கும் அதே கண்ணாடி வில்லையில் மகரந்தத்தோடு நுண்கரித் துணுக்குகளையும் எண்ணினால், கரி உயர்ந்து மர மகரந்தம் தாழ்ந்து, களைகள் பெருகி, சில பத்தாண்டுகளில் நிலை திரும்பும் ஓர் ஒழுங்கு தென்படலாம். பயிரை நேரில் பார்க்க முடியாத இடத்தில் அதன் களைகளையும் கரியையும் பார்க்கிறோம்.

மண்வெட்டி எழுதியது:

நெல்லை எப்படி அறிவது? வன்னியில் கேள்வியே நெல்லைப் பற்றியதுதான்.

நுணுக்குக்காட்டி எழுதியது:

ஐயா கேட்டது இந்த இழையின் மிகக் கடினமான கேள்வி. புல் குடும்பத்தின் மகரந்தம் எல்லாம் ஒரே சாயல்: உருண்டை வடிவம், ஒரே துளை, துளையைச் சுற்றி ஒரு வளையம். கோதுமை, பார்லி போன்றவற்றின் மணி பெரிதாக இருப்பதால், ஏறத்தாழ 40 மைக்கிரோமீற்றருக்கு மேற்பட்ட புல் மகரந்தத்தைத் தானியம் என்று கருதும் வழக்கம் ஐரோப்பாவில் உருவானது. காட்டுப் புற்களிலும் அந்த அளவை எட்டுபவை உண்டு. ஹோட்டன் சமவெளியில் பிரேமதிலகவும் ரிஸ்பெர்க்கும் ஆராய்ந்து 2003 இல் வெளியிட்ட, சுமார் 24,000 ஆண்டுகளை உள்ளடக்கிய மகரந்தப் பதிவு இலங்கையின் மழைக்கால வரலாற்றுக்கு மிகப் பெரிய பங்களிப்பு. அதில் கண்ட பெரும்புல் மகரந்தத்தைக் கொண்டு பனியுகத்தின் இறுதியிலேயே அங்கே பார்லியும் ஓட்சும் பேணப்பட்டன என்று கொண்ட பகுதி மட்டும் இன்றுவரை விவாதத்துக்குரியதாகவே இருக்கிறது. எனது கருத்தில், அளவை மட்டும் கொண்டு பயிர் என்று கூறுவது போதாது.

நெல்லில் இந்தச் சிக்கல் இரட்டிப்பு. நமது குளங்களின் ஓரத்தில் காட்டுநெல் தானாகவே வளர்கிறது. நெல்லின் மகரந்தம் பெரும்பாலும் தன் பூவிலேயே முடிந்துவிடுவது; வயலைத் தாண்டித் தொலைவுக்குப் பறப்பதில்லை. இத்தகைய தானியங்களின் உமிக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் மகரந்தம் பிற்பாடு சூடடிக்கும்போதே தூசியோடு வெளிவருகிறது என்பது கோதுமை, பார்லி ஆய்வுகளில் காட்டப்பட்டிருக்கிறது. அப்படியானால், களத்து மண்ணிலும் வைக்கோல் கலந்த சாணத்திலும் தானிய மகரந்தம் மிகுதியாக இருக்கும். அதன் மிகுதியைப் பார்த்து அந்த இடம் வயல் என்று கூறினால் தவறாகும். குடியிருப்புப் படைகளில் மகரந்தம் தானே வந்து விழுவதில்லை. கூரை வேய்ந்த புல், மாட்டுச்சாணம், தேன், பூசைக்கு வைத்த பூ என்று மனிதர் கையோடு வருவதே பெரும்பகுதி. விலங்குகளும் கொண்டுவரும். ஈராக்கின் ஷானிடார் குகையில் நியாண்டர்தால் மனிதரின் புதைகுழியில் மகரந்தக் கொத்துகள் கண்டெடுக்கப்பட்டு, இறந்தவருக்கு மலர் சாத்தினார்கள் என்று உலகமே நெகிழ்ந்தது. வளை தோண்டும் கொறிணிகளும் நிலத்தில் கூடு கட்டும் தேனீக்களும் அதைக் கொண்டுவந்திருக்கலாம் என்று பின்னர் காட்டினார்கள். கறையான் புற்று இல்லாத தொல்லியல் மேடு வன்னியில் எங்கே இருக்கிறது?

நெல்லுக்கு மகரந்தத்தைவிட நெல்லின் உமியிலும் இலையிலும் உருவாகும் சிலிக்கா நுண்துகள்கள் நம்பகமானவை. ஒட்சிசன் அவற்றை ஒன்றும் செய்யாது. எனவே காய்ந்த மண்ணிலும் கிடைக்கும். கரிந்த விதையும் அப்படியே.

பாலைப்பழம் எழுதியது:

கரிந்த விதைக்கு மாந்தையைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. திருக்கேதீச்சரத்தைச் சூழ்ந்த அந்தத் துறைமுக மேட்டில் 2009, 2010 காலத்தில் நடந்த அகழ்வின் மண்ணை நீரில் அலசி மிதக்கவிட்டு எடுத்த விதைகளில் நெல்லே மிகுதி. அதோடு மிளகும் கராம்பும் கோதுமையும் கிடைத்தன. கராம்பு தென்கிழக்காசியாவின் கோடியில் உள்ள மலுக்குத் தீவுகளின் பொருள். மாந்தையில் ஒரு கராம்பு கிடைத்ததைக் கொண்டு அங்கே கராம்பு மரம் நின்றது என்று எவரும் சொல்லமாட்டார். விதை, உண்டதையும் விற்றதையும் சொல்கிறது. மகரந்தம், சூழ நின்றதைச் சொல்ல முயல்கிறது. இரண்டும் ஒரே மண்ணிலிருந்து வந்தாலும் ஒரே கேள்விக்கு விடை அல்ல.

நெறியாளர்:

யார் முதலில் குடியேறினர் என்பது பற்றி வந்த மூன்று பதிவுகள் வேறு இழைக்கு மாற்றப்பட்டுள்ளன. இங்கே சேற்றையும் மகரந்தத்தையும் பற்றி மட்டும் எழுதவும்.

அலைகரை எழுதியது:

இதுவரை வாசித்ததில், குளத்தைவிடக் களப்பே மேல் என்று தோன்றுகிறது. நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் மூன்றும் கோடையில் முழுவதும் காய்வதில்லையே?

நுணுக்குக்காட்டி எழுதியது:

நானும் அங்கிருந்துதான் தொடங்குவேன். களப்புச் சேறு ஈரமாகவே இருப்பது. ஆறுகள் பெரும் பரப்பிலிருந்து மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்ப்பது. கண்டல் மகரந்தம் மிகுந்தால் கடல்நீர் உட்புகுந்த காலம். உமரி போன்றவற்றின் மகரந்தம் மிகுந்தால் உவர்வெளி விரிந்த காலம். சம்பு மிகுந்தால் நன்னீர். சுமார் 6000 ஆண்டுகளுக்கு முன்னர் இலங்கைக் கரையில் கடல்மட்டம் இன்றையதைவிடச் சற்று உயர்ந்திருந்த காலம் முதல் இத்தகைய மாற்றங்களைத் தேடலாம். கண்டல் மகரந்தங்களை இனங்காண நமக்குத் தமிழர் ஒருவரின் உழைப்பே துணை நிற்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் மகரந்தவியல் ஆய்வுகூடத்தை நடத்திய தணிகைமணி, 1986 இல் கராச்சியில் நடந்த விமானக் கடத்தலில் கொல்லப்பட்டார்; கண்டல் மகரந்தவியல் பற்றிய அவரது நூல் மறு ஆண்டு வெளிவந்தது. அந்நிறுவனத்தின் ஒப்பீட்டுத் தொகுப்பு இல்லாமல் தென்னாசிய வெப்பமண்டல மகரந்தத்தைப் பெயர் சொல்லி அடையாளம் காண்பது கடினம்.

ஆனால் களப்பு ஊரின் கதையைச் சொல்லாது. படுகை பெரிதானால் மகரந்தம் வரும் பரப்பும் பெரிதாகும். சிறிதானால் அருகில் நின்ற மரங்களே மேலோங்கும். பிரதேசத்துக்குக் களப்பு, குறித்த ஒரு வயலுக்கு அதன் பக்கத்துச் சிறுகுளம் அல்லது கேணி என்று இரண்டையும் ஒருங்கே வைத்து வாசிக்க வேண்டும். நந்திக்கடல் ஓரத்தில் இறங்குவதற்கு முன் கண்ணிவெடி அகற்றிய பகுதியா என்று உரியவர்களிடம் எழுத்தில் கேட்டுக்கொள்வதையும் திட்டத்தில் சேர்க்கவும்.

மண்வெட்டி எழுதியது:

தூர்வாரும் வேலையைப் பற்றி ஒரு சொல். குளம் தூர்வாரப்படத்தான் வேண்டும். நீர் வேண்டிய விவசாயியிடம் சேற்றைப் பாதுகாக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் இயந்திரம் வெட்டிய பள்ளத்தின் பக்கச்சுவர் ஒரு நாளாவது திறந்து நிற்கும். அந்த ஒரு நாளில் மாதிரி எடுக்க ஏற்பாடு செய்வதற்கு வேலையை நிறுத்த வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் ஒரு வரி போதும். பானை ஓடோ செங்கல் அமைப்போ தெரிந்தால் கதை வேறு: 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதியின்றி அகழக்கூடாது, எனவே திணைக்களத்துக்கு அறிவித்துவிட்டு ஒதுங்க வேண்டும்.

பாலைப்பழம் எழுதியது:

மாணவர்கள் இப்போதே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. பழைய மகரந்தத்தை வாசிக்க, இன்றைய காடு தன் மகரந்தத்தை எந்த விகிதத்தில் குளத்தில் சேர்க்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். அடர்காட்டுக் குளம், வயல்சூழ் குளம், தேக்கந்தோட்டத்து அருகிலுள்ள குளம் என்று வகைக்கு ஒன்றாகத் தேர்ந்து, மேற்சேற்றில் ஒரு கரண்டி எடுத்து, சுற்றியுள்ள மரங்களை எண்ணிப் பட்டியலிட்டு வைத்தால் அதுவே ஒப்பீட்டுக்கு அடிப்படை. காலக்குறிகளும் கிடைக்கும்: சோளன் அமெரிக்கக் கண்டத்துப் பயிர் என்பதால் அதன் பருத்த மகரந்தம் உள்ள படை போர்த்துக்கேயர் வருகைக்கு முந்தியதாக இருக்க முடியாது; தேக்கும் ஒல்லாந்தர் காலத்தில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மரமே. படையின் உச்சியில் பார்த்தீனியமும் அதன் குடும்பத்து முள்மகரந்தங்களும் திடீரெனப் பெருகினால், அது கடந்த சில பத்தாண்டுகளின் சேறு.

நுணுக்குக்காட்டி எழுதியது:

மாதிரி எடுப்பவர்களுக்கு: வெட்டுமுகத்தைச் சுத்தமான கத்தியால் கிடையாகச் சீவிவிட்டு, கீழிருந்து மேலாக எடுக்கவும், மேலிருந்து எடுத்தால் உதிரும் மண் கீழ்ப்படையில் ஒட்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் கத்தியைக் கழுவித் துடைக்கவும். காய விடாமல் காற்றுப் புகாத பையில் கட்டி, குளிர்ந்த இருளில் வைக்கவும். மாதிரி எடுக்கும் நேரத்தில் காற்றிலும் இன்றைய மகரந்தம் இருக்கும் என்பதால், அருகில் ஒரு கண்ணாடி வில்லையில் பசை தடவித் திறந்து வைத்து அதையும் உடன் அனுப்பவும். கட்டின் உச்சியிலிருந்து ஆழம், துருசிலிருந்து தூரம், சேற்றின் நிறம் மூன்றையும் பையின்மேலும் குறிப்பேட்டிலும் பென்சிலால் எழுதவும். மை ஈரத்தில் கலைந்துவிடும்.